செட்டிநாட்டில் பிறந்தும் "நேபாளமா?" என்று கேட்கப்படுகிறவள் எழுதும் பதில்

கேள்வி: வெளிநாட்டுப் பின்னணி உள்ள குடும்பத்தில் பிறந்தவர்களே, முகத்தையோ நிறத்தையோ வைத்து உங்களை வேற்றாளாகப் பார்த்த அனுபவம் உண்டா? எந்த ஊரைச் சொந்த ஊர் என்று சொல்வீர்கள்?

உண்டு, போன மாதம்கூட நடந்தது. காரைக்குடியில் ஒரு துணிக்கடையில் சுடிதார் பார்த்துக்கொண்டிருந்தேன், விற்கிற பெண் என்னிடம் இந்தியில் விலை சொன்னாள். நான் தமிழில் பதில் சொன்னதும், "அக்கா, நல்லாத் தமிழ் பேசுறீங்களே, நேபாளமா?" என்றாள். கெட்ட எண்ணத்தில் கேட்கவில்லை, அது எனக்குத் தெரியும். ஆனால் நான் பிறந்து வளர்ந்தது அதே ஊரில், செக்காலையில்.

என் முகம் அப்பத்தாவின் முகம். அப்பாவைப் பெற்ற அவர், மோல்மீன் பக்கத்துக் கிராமத்துப் பர்மியப் பெண். அவர் கணவர், நான் ஐயா என்று கூப்பிடும் தாத்தா, இந்தப் பக்கத்து ஆள், பர்மாவில் ஒரு செட்டியார் கிட்டங்கிக்கு, அதாவது அவர்கள் தங்கித் தொழில் நடத்திய இடத்துக்கு, சமையல் வேலைக்குப் போனவர். செட்டிநாட்டிலிருந்து பர்மாவுக்குப் போனவர்கள் என்றாலே வட்டித்தொழில் செய்த நகரத்தார்கள், அதாவது செட்டியார்கள்தான் எல்லோருக்கும் நினைவுக்கு வருவார்கள். அவர்களோடு சோறாக்கவும் எடுபிடி வேலைக்கும் போனவர்களை யாரும் நினைப்பதில்லை, அதனால்தான் இதைச் சொல்கிறேன். ஐயா கப்பல் ஏறியது 1930-இல், 15 வயதில்.

1941 டிசம்பரில் ரங்கூனில் ஜப்பான் குண்டு விழுந்ததும் இந்தியர்கள் லட்சக்கணக்கில் காடு மலை தாண்டி நடந்தே இந்தியாவுக்குக் கிளம்பினார்கள். ஐயாவுக்கு அந்த நேரம் பார்த்துக் காய்ச்சல், எழுந்து நிற்கவே முடியாது. ஒரு விவசாயக் குடும்பம் அவரைத் தங்கள் வீட்டில் வைத்துக் கஞ்சி கொடுத்துக் காப்பாற்றியது. அந்த வீட்டுப் பெண்தான் அப்பத்தா.

போர் முடிந்து மோல்மீனில் டீக்கடை போட்டார்கள். அப்பா அங்கேதான் பிறந்தார். பள்ளிக்கூடத்தில் பிள்ளைகள் அவரை 'கலா' என்பார்களாம், இந்தியர்களை இளக்காரமாகச் சொல்கிற வார்த்தை அது. கொஞ்சம் நல்ல மனசுக்காரர்கள் 'கபியா' என்பார்கள், கலப்பு என்று அர்த்தம். 1962-இல் ராணுவ ஆட்சி வந்தது, அப்புறம் கடைகண்ணிகளை அரசாங்கம் எடுத்துக்கொண்டது, 1964 மே மாதம் பர்மாப் பணத்தில் 50, 100 கியாட் நோட்டுகள் செல்லாது என்று அறிவித்தார்கள். ஐயா தகர டப்பாவில் சேர்த்து வைத்திருந்ததெல்லாம் அந்த நோட்டுகள். அந்த வருடமே கப்பல் ஏறிவிட்டார்கள், அப்பாவுக்கு 9 வயது.

ஆனால் பர்மியர்களைக் குறை சொன்னால் ஐயாவுக்குப் பிடிக்காது. "அவுக நிலம் போச்சுப்பா, கோவம் வராதா?" என்பார். உண்மைதான். 1930-களில் நெல் விலை படுத்துவிட்டது, கடன் கட்ட முடியாத விவசாயிகளின் நிலம் கடன் கொடுத்தவர் கைக்குப் போனது. கீழ்ப் பர்மாவின் முக்கியமான நெல் மாவட்டங்களில் 1930-இல் நூற்றுக்கு 6 பங்கு நிலம்தான் செட்டியார்களிடம் இருந்தது, 1938-க்குள் அது 25 பங்கு ஆகிவிட்டது. அந்தக் கோபம் நிலத்தையே பார்க்காத சமையல்காரரின் பிள்ளை மேலும் விழுந்தது. அது நியாயம் என்று நான் சொல்லவில்லை, எங்கிருந்து வந்தது என்று ஐயாவுக்குப் புரிந்திருந்தது, அவ்வளவுதான்.

சரி, இங்கே வந்த பிறகு? அரசாங்கக் காகிதத்தில் 'தாயகம் திரும்பியோர்' என்று எழுதினார்கள். அப்பத்தா எந்தத் தாயகத்துக்குத் திரும்பினார்? அவர் தாயகத்தை விட்டுவிட்டு வந்தவர். ஐயாவின் சொந்த அண்ணன் வீட்டிலேயே சாதி தெரியாத பெண் என்று அவருக்குத் தனியாக இலை போட்டார்கள். அங்கே 'கலா' என்று கேட்ட அப்பா, இங்கே தெருவில் 'சப்ப மூக்கன்', 'பர்மாக்காரன்'.

எனக்கு இன்னும் ஆறாத ஒன்று இருக்கிறது. செட்டிநாட்டுப் பெரிய வீடுகளுக்குள் போய்ப் பாருங்கள், தூண் பர்மாத் தேக்கு, அலமாரியில் பர்மா அரக்குப் பாத்திரம். விருந்தில் வைக்கிற கவுனி அரிசியும், அந்தக் கறுப்பு அரிசியும், அங்கிருந்து வந்ததுதான். எனக்குப் பத்து வயதில் ஒரு கல்யாணத்தில், பரிமாற வந்த ஆச்சி, "இது எங்க செட்டிநாட்டு அரிசி, சாப்பிட்டுப் பாரு" என்று பாசமாக அப்பத்தாவிடம் சொன்னார்கள். அப்பத்தா தேங்காய்ப்பூவை அதில் பிசைந்துகொண்டே, "நல்லா இருக்கு ஆச்சி" என்றார். வீட்டுக்கு வரும் வழியில்தான், "அது எங்க ஊரு அரிசி" என்று என்னிடம் சொன்னார். அந்த அரிசி இந்த ஊருக்காரியாகிவிட்டது. அப்பத்தா சாகும்வரை பர்மாக்காரிதான்.

அவர் கொண்டுவந்ததில் மிஞ்சியது ஒரு கல். கையகலத்துக்கு வட்டமாக, ஓரத்தில் தண்ணீர் வழிய வாய்க்கால் வெட்டியிருக்கும். 'தனக்கா' என்கிற மரத்தின் கட்டையை அதில் தண்ணீர் விட்டு உரசி, அந்த மஞ்சள் குழம்பைக் கன்னத்தில் பூசுவது பர்மாப் பெண்களின் வழக்கம். எடுத்து வந்த கட்டை தேய்ந்து தீர்ந்ததும், அதே கல்லில் சந்தனம் அரைத்து எங்கள் கன்னத்தில் பூசிவிடுவார், கன்னத்தில் மட்டும்தான், நெற்றியில் வைக்க மாட்டார். காரணம் அப்போது எனக்குப் புரியவில்லை.

2020 மார்ச்சில் மதுரை பஸ்ஸில் என் பக்கத்தில் இருந்தவர் எழுந்துபோய் நின்றுகொண்டே வந்தார். பின்னாலிருந்து ஒரு பையன் "கொரோனா" என்றான். மணிப்பூர், மிசோரம் பிள்ளைகள் பெரிய ஊர்களில் எத்தனை முறை இதைக் கேட்டிருப்பார்கள் என்று அன்றைக்குத்தான் யோசித்தேன். இப்போது காரைக்குடி ஓட்டல்களில் அந்தப் பிள்ளைகள் வேலை பார்ப்பதைப் பார்க்கிறேன். "உங்க ஊருப் பையனா?" என்று என்னிடம் கேட்கிறவர்களுக்கு, "தெரியாது, அவரையே பேர் சொல்லிக் கூப்பிட்டுக் கேளுங்க" என்று சொல்லிவிடுகிறேன்.

சொந்த ஊர் எது என்றால் காரைக்குடிதான், அதில் எனக்குச் சந்தேகமே இல்லை. யாராவது அதை ஒப்புக்கொள்ள வேண்டும் என்று நான் காத்திருக்கவும் இல்லை. மோல்மீனை நான் பார்த்ததில்லை, ஆனால் யாராவது அந்தப் பேரைச் சொன்னால் திரும்பிப் பார்க்கிறேன்.

போன வாரம் என் மகள், "உங்கம்மா சைனாவான்னு கேக்குறாங்கம்மா" என்று பள்ளியிலிருந்து வந்து சொன்னாள். நான் கல்லை எடுத்துக் காட்டினேன். அவள் அந்த வாய்க்காலில் விரலை ஓட்டிப் பார்த்துவிட்டு, "இதைக் கப்பல்ல யாரு தூக்கிட்டு வந்தா?" என்று கேட்டாள். எனக்குத் தெரியவில்லை. அப்பாவுக்குப் போன் போட்டு அவளிடமே கொடுத்தேன். முக்கால் மணி நேரம் பேசினார்கள். எங்களிடம் அப்பா அந்தக் கப்பலைப் பற்றி அவ்வளவு பேசியதில்லை.