அத்தான் சொன்ன இரண்டு ஹார்ட்

கேள்வி: நானும் என் அக்காவின் கணவரும் பணி ஓய்வுக்குப் பிறகு பிரிட்ஜ் சீட்டாட்டம் கற்றுக்கொண்டு, சனிக்கிழமைகளில் நாகர்கோவிலில் ஒரு நண்பர் வீட்டில் ஜோடியாக ஆடுகிறோம். போன மாதம் அத்தான் 'ஒரு டைமண்ட்' என்று ஏலத்தைத் தொடங்கினார். நான் 'ஒரு ஸ்பேட்' என்றேன். அவர் 'இரண்டு ஹார்ட்' என்றார். என் கையில் பெரிய சீட்டுகளுக்கான புள்ளி 9 இருந்ததால் 'மூன்று நோ டிரம்ப்', அதாவது துருப்பே இல்லாத ஆட்டத்துக்குப் போனேன். எடுக்க வேண்டியதில் இரண்டு டிரிக், அதாவது இரண்டு பிடி, குறைந்து தோற்றோம். அத்தானிடம் இருந்தது வெறும் 14 புள்ளி. "ஹார்ட்டுன்னா ஹார்ட் இருக்குன்னு அர்த்தம். ஒன்ன யாருடே மூணுக்குப் போகச் சொன்னா?" என்று எல்லார் முன்னாலும் சத்தம் போட்டுவிட்டார். மூன்று வாரமாக நான் ஆடப் போகவில்லை. தப்பு யாருடையது? இந்த வயதில் இனி இதெல்லாம் சரியாகுமா?

மார்த்தாண்டம் வாசகர்

பதில்: அத்தானின் பதின்மூன்று சீட்டையும் எழுதி அனுப்பியது நல்லதாயிற்று. ஸ்பேடில் ஏழு மட்டும். ஹார்ட்டில் ஏஸ், கிங், எட்டு, நான்கு. டைமண்டில் கிங், குயின், பத்து, ஆறு, ஐந்து. கிளப்பில் குயின், ஒன்பது, நான்கு. மேசையில் அப்படியே பரப்பி வைத்துப் பார்த்தேன். அவர்மேல் எனக்குக் கோபம் வரவில்லை. நன்றாகப் பழகியவர்களே தடுமாறும் கை இது.

முதலில் உங்கள் பக்கம். நீங்கள் மூன்று நோ டிரம்ப் போனதில் தப்பில்லை. முதலில் டைமண்ட், அடுத்த சுற்றில் அதைவிட உயர்ந்த ஹார்ட்டை இரண்டில் சொன்னால் அதற்கு 'ரிவர்ஸ்' என்று பெயர். கையில் 17 புள்ளி அளவுக்கு இருக்கிறது என்றுதான் கூட்டாளி அதைப் புரிந்துகொள்வார். இது வெறும் சம்பிரதாயம் இல்லை, கணக்கு. உங்களுக்கு ஹார்ட் பிடிக்கவில்லை, டைமண்டுக்கே திரும்ப வேண்டும் என்றால் 'மூன்று டைமண்ட்' சொல்லியாக வேண்டும். சொன்ன எண்ணோடு ஆறைக் கூட்டிக்கொள்ள வேண்டும், அதாவது ஒன்பது டிரிக். அவரிடம் 14, உங்களிடம் குறைந்தபட்சம் 6 என்றால் சீட்டுக்கட்டின் 40 புள்ளியில் சரிபாதிதான் உங்கள் பக்கம். பாதி பலத்தை வைத்துக்கொண்டு ஒன்பது டிரிக் எடுப்பது கஷ்டம். இதுவே முதலில் ஹார்ட், பிறகு டைமண்ட் என்று வந்திருந்தால் நீங்கள் இரண்டு ஹார்ட்டிலேயே நின்றிருக்கலாம். அதற்கு 12 புள்ளியே போதும். அதே இரண்டு ஜாதிதான். எதை முதலில் சொல்கிறோம் என்பதில் ஐந்து புள்ளி வித்தியாசம்.

சரி, அத்தான் வேறென்னதான் சொல்வது? இரண்டு டைமண்ட் சொன்னால் ஆறு டைமண்ட் இருக்கிறது என்று நினைப்பீர்கள், ஐந்துதான் இருக்கிறது. இரண்டு கிளப் சொன்னால் நான்காவது கிளப் எங்கே என்று தேடுவீர்கள். என் ஓட்டு 'ஒரு நோ டிரம்ப்'புக்கு. 15 முதல் 17 வரை இருந்தால் முதலிலேயே ஒரு நோ டிரம்ப் என்று தொடங்குகிறவர்களுக்கு, இரண்டாவது சுற்றில் வரும் ஒரு நோ டிரம்ப் என்றால் 12 முதல் 14 வரை. உங்கள் 9ஐச் சேர்த்தால் அதிகபட்சம் 23. பேசாமல் பாஸ் சொல்லிவிட்டு ஏழு டிரிக் எடுக்கப் பார்த்திருப்பீர்கள். ஆனால் ஸ்பேடில் ஒற்றைச் சீட்டை வைத்துக்கொண்டும் இப்படிச் சொல்வேன் என்று அவர் உங்களிடம் முன்கூட்டியே சொல்லியிருக்க வேண்டும். நீங்களும் ஆறு ஸ்பேட் இல்லாமல் 'இரண்டு ஸ்பேட்' என்று திரும்பச் சொல்ல மாட்டேன் என்று ஒத்துக்கொண்டிருக்க வேண்டும். ஒப்பந்தம் என்றால் இரண்டு பக்கமும்தான்.

அந்தப் பேச்சுதான் உங்களுக்குள் நடக்கவே இல்லை. முதல் ஏலம் எல்லோரும் ஒரே மாதிரி கற்றுக்கொள்வது. ரீபிட் என்கிற இரண்டாவது ஏலத்தில்தான் ஒருவர் தன் கையின் நீளத்தையும் பலத்தையும் உண்மையில் சொல்கிறார். அங்கேதான் ஜோடிகள் பிரிகின்றன.

எனக்கும் இது நேர்ந்திருக்கிறது. கூட்டாளி ஒரு கிளப், நான் ஒரு ஹார்ட், அவர் ஒரு ஸ்பேட், நான் இரண்டு டைமண்ட். மிச்சமிருக்கும் நான்காவது ஜாதியைச் சொன்னால் 'நிறுத்தாதே, இன்னும் சொல்லு' என்று அர்த்தம் என நான் படித்திருந்தேன். அவர் படித்திருக்கவில்லை. பாஸ் என்றார். இருவருக்கும் சேர்த்து ஐந்தே டைமண்ட், துருப்பும் அதுதான்! அன்றைக்கு வீடு வரும்வரை இருவரும் பேசவில்லை.

சின்ன வயதில் திண்ணையில் 'இருபத்தெட்டு' சீட்டாட்டம் ஆடி வளர்ந்ததாக எழுதியிருக்கிறீர்கள். அதில் ஜாக்தான் ராஜா, மூன்று புள்ளி. பிரிட்ஜில் ஜாக்குக்கு ஒன்றுதான். உங்கள் 9இல் மூன்று ஜாக் என்பதைப் பார்த்ததும் பழைய பாசம் இன்னும் போகவில்லையோ என்று தோன்றியது. இன்னொரு திண்ணைப் பழக்கத்தையும் விட்டுவிட வேண்டும். 'ஹார்ட்' என்பதை இழுத்துச் சொல்வது, புருவத்தை உயர்த்துவது, இதெல்லாம் கூடாது. நீங்கள் என்ன ஒப்பந்தம் வைத்திருக்கிறீர்கள் என்பதை எதிராளிகள் கேட்டால் சொல்லியாக வேண்டும். ரகசியமாக வைத்துக்கொள்ள விதியில் இடமில்லை.

வயதைப் பற்றிக் கேட்டீர்கள். 2018இல் ஜகார்த்தா ஆசிய விளையாட்டுப் போட்டியில் பிரிட்ஜ் ஆண்கள் ஜோடிப் பிரிவில் இந்தியாவுக்குத் தங்கம் வாங்கித் தந்த பிரணாப் பர்தனுக்கு அப்போது 60 வயது, ஷிப்நாத் சர்க்காருக்கு 56.

இனி அத்தானிடம் எப்படிப் பேசுவது? சனிக்கிழமை வேண்டாம், நாலு பேர் முன்னால் வேண்டாம். வாரத்தின் நடுவில் ஒரு சாயங்காலம் அக்கா வீட்டுக்குப் போங்கள். ஒரு சீப்பு மட்டிப்பழம் வாங்கிக்கொள்ளுங்கள். அவருடைய அந்தக் கையை ஒரு தாளில் எழுதி வைத்து, "அத்தான், இதுக்கு நாம என்ன சொல்லலாம்?" என்று கேளுங்கள். 'நீங்க' வேண்டாம், 'நாம'. அவர் முடிவு என் முடிவுக்கு மாறாக, 'இரண்டு டைமண்ட்' என்றே இருந்தாலும் பரவாயில்லை. கிங், குயின், பத்து இருக்கிற ஐந்து சீட்டை ஆறாக எண்ணுகிறவர்கள் உண்டு. அதையே தாளில் எழுதி இருவரும் ஆளுக்கொரு பிரதி வைத்துக்கொள்ளுங்கள். முதல் நாள் மூன்று வரிக்கு மேல் வேண்டாம்: ஒரு நோ டிரம்ப் ரீபிட்டுக்கு எத்தனை புள்ளி, சொன்ன ஜாதியையே திரும்பச் சொல்ல எத்தனை சீட்டு, ரிவர்ஸுக்கு எவ்வளவு பலம்.

அப்புறம் ஏலம் மட்டும் சொல்லிப் பழகுங்கள், ஆட வேண்டாம். ஒரு மணி நேரத்தில் இருபது கை வரை பார்த்துவிடலாம். சீட்டைக் கலைத்துப் போட அக்காவைக் கூப்பிடுங்கள். அவர் பக்கத்தில் இருந்தால் அத்தானும் சத்தம் போட மாட்டார்.