விடுப்பை எழுதி வாங்குங்கள்: ஆய்வுக்கூடமும் வீடும், கேள்வி பதில்

ஆய்வுக்கூடத்தில் எனக்கு 22 வருடம் ஆகிறது. உயிர்வேதியியல். மூத்த மகள் நான் பிஎச்.டி. செய்துகொண்டிருந்தபோது பிறந்தாள், மகன் வேலையில் சேர்ந்த பிறகு. ஆராய்ச்சியையும் குடும்பத்தையும் பற்றிக் கேளுங்கள் என்று சொன்னதும் நிறைய கேள்விகள் வந்தன. ஒரே மாதிரி இருந்தவற்றைச் சேர்த்து, தெரிந்தவரை பதில் சொல்கிறேன்.

கேள்வி: கரிம வேதியியலில் பிஎச்.டி. மூன்றாம் வருடம். ஏழு வாரக் கர்ப்பம். கைடிடம் எப்போது சொல்வது? மூன்று மாதம் முடியட்டும் என்கிறார் அம்மா.

அம்மா சொல்வது ஊருக்குச் சொல்வதைப் பற்றி. அதில் தப்பில்லை. ஆனால் கைடிடம் இந்த வாரமே சொல்லுங்கள். குழந்தையின் உறுப்புகள் உருவாவது பெரும்பாலும் இந்த முதல் வாரங்களில்தான். மூன்று மாதம் கழித்துச் சொன்னால், ஜாக்கிரதையாக இருக்க வேண்டிய காலமே முடிந்துவிடும்.

முதல் வேலை: நீங்கள் தினமும் தொடும் ரசாயனங்களைப் பட்டியல் போட்டு, ஒவ்வொன்றின் பாதுகாப்புத் தரவுத்தாளையும் எடுங்கள். எச்360, எச்361 என்ற குறியீடுகளைத் தேடுங்கள். முதலாவது கருவுக்கோ கருவுறும் திறனுக்கோ கேடு செய்யக்கூடியது என்று பொருள், இரண்டாவது அப்படிச் சந்தேகிக்கப்படுவது. கரிம வேதியியல் ஆய்வுக்கூடத்தில் தண்ணீர் மாதிரி புழங்கும் டிஎம்எஃப் என்ற கரைப்பான் எச்360 வகைதான். நாம் எல்லோரும் போடும் மெல்லிய நைட்ரைல் கையுறை அதைச் சீக்கிரமே உள்ளே விட்டுவிடும். கையுறை போட்டிருக்கிறேனே என்று நம்பி டிஎம்எஃப் ஊற்றாதீர்கள். அந்த வினைகளை வேறொருவர் செய்யட்டும். நீங்கள் என்எம்ஆர் கருவி தந்த தரவுகளைப் பாருங்கள், இரண்டாம் அத்தியாயத்தை எழுதத் தொடங்குங்கள். கதிரியக்க ஐசோடோப்பு கையாளும் தோழிகளுக்கும் ஒரு வார்த்தை: கதிரியக்கப் பாதுகாப்பு அதிகாரியிடம் உடனே தெரிவியுங்கள். கர்ப்பத்தைத் தெரிவித்த பிறகு, மீதிக் காலம் முழுவதற்கும் கருவுக்கான கதிர்வீச்சு அளவின் வரம்பு 1 மில்லிசீவர்ட்தான்.

இரண்டாவது, விடுப்பு. பல்கலைக்கழக மானியக் குழுவின் (யுஜிசி) 2022 விதிமுறைப்படி, பிஎச்.டி. காலம் முழுவதற்கும் சேர்த்து 240 நாள் வரை மகப்பேறு, குழந்தை வளர்ப்பு விடுப்பு எடுக்கலாம். பிஎச்.டி.க்கு அதிகபட்சம் 6 ஆண்டு, மறுபதிவு செய்தால் இன்னும் 2. பெண்களுக்கு அதற்கு மேலும் 2 ஆண்டு தளர்வு உண்டு, மொத்தம் 10-ஐத் தாண்டக் கூடாது. இதையெல்லாம் எழுத்தில் வாங்குங்கள். விண்ணப்பம், கைடு கையெழுத்து, துறைத்தலைவர் கையெழுத்து, அலுவலக முத்திரை, தேதி. பிரதி ஒன்று வீட்டில்.

ஏன் இவ்வளவு அழுத்திச் சொல்கிறேன் என்றால், எனக்கு நடந்தது இது. என் கைடு நல்ல மனிதர். "மூணு மாசம் வீட்டில் இரும்மா, பேப்பர் எல்லாம் எதுக்கு" என்றார். அன்பாகத்தான் சொன்னார். நானும் நிம்மதியாகப் போனேன். ஆய்வேட்டைச் சமர்ப்பிக்கப் போனபோது அலுவலகத்தில் பதிவேட்டைத் திருப்பி என் பக்கம் காட்டினார்கள். என் பெயருக்கு நேரே விடுப்பே இல்லை. அந்த மூன்று மாதமும் என் கணக்கிலேயே ஓடியிருந்தது. காலநீட்டிப்புக்குப் பணம் கட்டி, நாலு மாதம் அலைந்தேன். மகளை இடுப்பில் வைத்துக்கொண்டு அந்த வராந்தாவில் நின்றதை இன்னும் மறக்க முடியவில்லை.

கேள்வி: விடுப்பில் இருக்கும்போது ஃபெல்லோஷிப் நின்றுவிடுமா? நான் ஜேஆர்எஃப் (இளநிலை ஆராய்ச்சி ஃபெல்லோ).

மத்திய அரசின் ஃபெல்லோஷிப் விதிகளில் ஜேஆர்எஃப், எஸ்ஆர்எஃப் (முதுநிலை ஆராய்ச்சி ஃபெல்லோ) பெண்களுக்கு மகப்பேறு விடுப்பில் முழுத் தொகையும் உண்டு. ஜேஆர்எஃப் மாதம் 37,000 ரூபாய், 2023 ஜனவரியிலிருந்து. யாராவது "லீவில் இருந்தால் பணம் வராது" என்றால், எந்த ஆணையில் அப்படி இருக்கிறது என்று பணிவாக எழுதிக் கேளுங்கள். பெரும்பாலும் விஷயம் அங்கேயே முடிந்துவிடும்.

கேள்வி: நுண்ணுயிரியலில் பிஎச்.டி. முடித்து ஏழு வருடம் ஆகிறது. இரண்டு குழந்தைகள், இடையில் மாமனாரின் பக்கவாதம். வயது 38. இனிமேல் முடியுமா அக்கா?

முடியும் தங்கச்சி. முதலில் ஒன்று சொல்கிறேன். பெங்களூரின் இந்திய அறிவியல் அகாடமியும் தேசிய மேம்பட்ட ஆய்வு நிறுவனமும் சேர்ந்து 2010-ல் ஓர் ஆய்வை வெளியிட்டன. பிஎச்.டி. முடித்த பெண்கள் ஏன் ஆராய்ச்சியை விட்டார்கள் என்று அவர்களிடமே கேட்டார்கள். குடும்பம்தான் காரணம் என்றுதான் எல்லோரும் நினைத்திருந்தோம். ஆனால் பலரும் சொன்னது, தகுந்த வேலை கிடைக்கவில்லை என்பதை. அதனால் "நான் வீட்டுக்காக விட்டுவிட்டேன்" என்று உங்களையே குற்றம் சொல்லிக்கொள்ள வேண்டாம். திரும்பி வர வாசல் இல்லாததுதான் உங்களைப் போன்ற எத்தனையோ பேரை வெளியே நிறுத்தியது.

இப்போது வாசல்கள் சில இருக்கின்றன. அறிவியல் தொழில்நுட்பத் துறை 2002-03-ல் பெண் விஞ்ஞானிகளுக்கென்றே தொடங்கிய திட்டம் இன்று வைஸ்-கிரண் என்ற பெயரில் நடக்கிறது. பிஎச்.டி. முடித்தவர்களுக்கு அதில் வைஸ்-பிடிஎஃப் என்ற ஆராய்ச்சி ஃபெல்லோஷிப் இருக்கிறது. உயிரித் தொழில்நுட்பத் துறை பெண் விஞ்ஞானிகளுக்கு நடத்தும் பயோகேர் திட்டம் உங்கள் பாடத்துக்கு இன்னும் நெருக்கம். அழைப்பு வருடம் முழுக்கத் திறந்திருக்காது. அறிவிப்பு வந்த பிறகு ஆய்வுத்திட்டம் எழுத உட்கார்ந்தால் நேரம் போதாது, இப்போதே எழுதி வையுங்கள்.

எப்படி ஆரம்பிப்பது? உங்கள் ஊருக்கு 40 கிலோமீட்டருக்குள் இருக்கும் கல்லூரிகளையும் ஆய்வு நிறுவனங்களையும் எழுதுங்கள். அங்கே உங்கள் துறையில் யார் இருக்கிறார்கள், கடைசி மூன்று வருடத்தில் என்ன கட்டுரை போட்டிருக்கிறார்கள் என்று பாருங்கள். இருவருக்கு மட்டும் கடிதம் எழுதுங்கள். பத்து வரி போதும். இடைவெளியை மறைக்கவும் வேண்டாம், அதற்காக மன்னிப்புக் கேட்கவும் வேண்டாம். "2018 முதல் 2025 வரை குடும்பப் பொறுப்பு காரணமாக ஆராய்ச்சியில் இல்லை" என்று ஒரே வரி. அடுத்த வரி என்ன செய்ய விரும்புகிறீர்கள் என்பதாக இருக்கட்டும். மதிப்பீட்டுக் குழுக்களில் உட்கார்ந்திருக்கிறேன். இடைவெளியைப் பற்றி ஒரு பக்கம் விளக்கும் விண்ணப்பங்களில்தான் ஆய்வுத்திட்டத்துக்கு இடம் குறைந்துபோகிறது.

ஆய்வுக்கூடத்துக்கே போகும் சூழ்நிலை இல்லையென்றால், அதே வைஸ்-கிரண் திட்டத்தில் காப்புரிமைப் பயிற்சியும் இருக்கிறது. ஒரு வருடம், உதவித்தொகையோடு. முடித்த பலர் காப்புரிமை முகவராகப் பதிவு செய்துகொண்டு வீட்டிலிருந்தே வேலை செய்கிறார்கள். அதுவும் அறிவியல் வேலைதான், குறைந்தது என்று யாரும் சொல்ல விடாதீர்கள்.

கேள்வி: என் மனைவி விஞ்ஞானி, நான் வங்கியில். உதவி செய்யத் தயார். என்ன செய்ய வேண்டும்?

தம்பி, "உதவி" என்ற அந்தச் சொல்லை மட்டும் மாற்றிக்கொள்ளுங்கள். வீடு இருவருடையது.

செல் வளர்ப்பு அறை வேலை தெரியுமா? செல்களுக்கு ஞாயிறு, தீபாவளி எல்லாம் கிடையாது. செல்கள் வளரும் சத்துத் திரவத்தை மாற்ற வேண்டிய நாளில் மாற்றவில்லையென்றால் மூன்று வார வேலை குப்பைத் தொட்டிக்குப் போகும். மாலை 5.40 பஸ்ஸைப் பிடிக்க வேண்டும் என்று ஒரு கண்ணைக் கடிகாரத்தில் வைத்துக்கொண்டு பிப்பெட் பிடித்த வருடங்கள் எனக்கு உண்டு. அப்போது என் கணவர் செய்தது ஒரு விஷயம்: செவ்வாய், வியாழன் இரண்டு நாளும் பிள்ளை முழுக்க அவர் பொறுப்பு. காப்பகத்திலிருந்து கூட்டி வருவது, சாப்பாடு, காய்ச்சல் வந்தால் டாக்டர் எல்லாம். என்னிடம் போனில்கூடக் கேட்க மாட்டார். நீண்ட சோதனைகளை எல்லாம் அந்த இரண்டு நாளுக்குத் தள்ளிவைப்பேன். வாரம் முழுக்கக் கொஞ்சம் கொஞ்சமாகச் செய்வதைவிட, இரண்டு நாள் முழுப் பொறுப்பு எடுங்கள்.

நீங்கள் மத்திய அரசு ஊழியராக இருந்திருந்தால் தந்தைக்கு 15 நாள் விடுப்பு. உங்கள் வங்கியில் எவ்வளவு என்று கேட்டு, முழுவதும் எடுங்கள். இளம் அதிகாரிகள் உங்களைப் பார்த்துத்தான் எடுப்பார்கள்.

கேள்வி: ராமநாதபுரம் பக்கம் அரசுப் பள்ளியில், தமிழ் வழியில் படித்தேன். பி.எஸ்சி. இயற்பியல் இரண்டாம் வருடம். வீட்டில் நான்தான் முதல் பட்டதாரி. ஆராய்ச்சி எல்லாம் எனக்கு வருமா?

நாடெங்கும் ஆய்வகங்கள் நடத்தும் சிஎஸ்ஐஆர் என்ற பெரிய அரசு அமைப்புக்கு 2022-ல் முதல் பெண் தலைமை இயக்குநராக வந்தவர் ந. கலைச்செல்வி. அம்பாசமுத்திரத்துக்காரர், தமிழ் வழியில் படித்தவர், காரைக்குடி மின்வேதியியல் ஆய்வகத்தில் வேலை பார்த்தவர். சூரியனை ஆராயும் ஆதித்யா எல்-1 திட்டத்தின் இயக்குநர் நிகர் ஷாஜி செங்கோட்டைக்காரர். உன் ஊரிலிருந்து இந்த ஊர்கள் ஒன்றும் ரொம்பத் தூரமில்லை கண்ணு.

செய்ய வேண்டியது ஒன்று: மூன்று அறிவியல் அகாடமிகள் சேர்ந்து வருடாவருடம் நடத்தும் கோடைக்கால ஆராய்ச்சி ஃபெல்லோஷிப்புக்கு விண்ணப்பி. இரண்டு மாதம், உதவித்தொகை உண்டு. வீட்டில் அனுப்பத் தயங்குவார்கள். பெண்கள் விடுதி எங்கே இருக்கிறது, பொறுப்பாளர் யார் என்று விசாரித்து, ஒரு தாளில் எழுதி அப்பாவிடம் கொடு. என் அப்பாவும் முதலில் வேண்டாம் என்றார். விடுதிக் காப்பாளரோடு ஒருமுறை போனில் பேசியதும் அவரே வந்து பஸ் ஏற்றிவிட்டார்.

கேள்வி: நானும் கணவரும் ஒரே துறை. ஒரே நிறுவனத்தில் இருவரையும் எடுக்க மாட்டார்கள் என்கிறார்களே?

எழுதப்பட்ட விதியை நான் எங்கும் கண்டதில்லை, எழுதப்படாத தயக்கத்தை நிறையக் கண்டிருக்கிறேன். தம்பதியரை ஒரே ஊரில் பணியமர்த்த முயல வேண்டும் என்றுதான் மத்திய அரசின் வழிகாட்டுதல் சொல்கிறது. ஒரே நிறுவனம் என்று பிடிவாதம் வேண்டாம், ஒரே ஊர் என்று தேடுங்கள். சென்னை, பெங்களூரு, ஹைதராபாத், புனே போல நிறுவனங்கள் குவிந்த ஊர்களில் வழி அதிகம். நேர்காணலில் "உங்கள் கணவர் எங்கே வேலை பார்க்கிறார்?" என்று பெண்ணிடம் மட்டும் கேட்பது இன்னும் நடக்கிறது. அது எனக்கு மிகவும் கோபம் வரும் விஷயம்.

கேள்வி: நான் பேராசிரியர். ஆய்வுக்கூடத்தில் ஆறு மாணவிகள். என் பக்கத்திலிருந்து என்ன செய்யலாம் மேடம்?

இந்தக் கேள்வி வந்ததே எனக்குச் சந்தோஷம் சார். 2021-22 உயர்கல்விக் கணக்கெடுப்பின்படி நம் நாட்டில் அறிவியல் பாடம் படிக்கும் 57.2 லட்சம் பேரில் 29.8 லட்சம் பேர் பெண்கள். ஆராய்ச்சிப் பணியில் நேரடியாக இருப்பவர்களிலோ, 2018 கணக்குப்படி, பெண்கள் 16.6 சதவீதம். நடுவில் உதிர்ந்துபோகிறவர்களில் பலர் உங்களையும் என்னையும் போன்றவர்களின் அறையிலிருந்துதான் போகிறார்கள்.

குழுக் கூட்டத்தைக் காலை பத்துக்கு வையுங்கள், மாலை ஐந்தரைக்கு வேண்டாம். மாணவி விடுப்பில் போகும்போது அவளைக் கேட்காமல் அவள் திட்டத்தை வேறொருவருக்குக் கொடுக்காதீர்கள். பாவம், கஷ்டப்படுவாள் என்று கருத்தரங்கப் பட்டியலிலிருந்து நீங்களாகவே பெயரை எடுக்காதீர்கள். வர முடியுமா என்று அவளிடம் கேளுங்கள்.

அப்புறம், காப்பகம். 50 பேர் அல்லது அதற்கு மேல் வேலை செய்யும் இடத்தில் குழந்தைக் காப்பக வசதி வேண்டும் என்று 2017-லேயே சட்டத் திருத்தம் சொல்லிவிட்டது. ஆராய்ச்சி மாணவிகளின் பிள்ளைகளுக்கும் அதில் இடம் உண்டா என்று உங்கள் நிர்வாகக் குழுவில் கேளுங்கள். நாங்கள் கேட்டால் சொந்தப் பிரச்சினை என்று நினைப்பார்கள், நீங்கள் கேட்டால் குறிப்பில் ஏறும்.

கேள்வி: ஜெர்மனியில் போஸ்ட்டாக் (பிஎச்.டி.க்குப் பிந்தைய ஆராய்ச்சி வாய்ப்பு) கிடைத்திருக்கிறது. மகனுக்கு இரண்டு வயது. என்ன கவனிக்க வேண்டும்?

முதலில் கேட்க வேண்டியது: இது வேலை ஒப்பந்தமா, வெறும் உதவித்தொகையா? ஒப்பந்தம் என்றால் ஊழியருக்கான மகப்பேறு, பெற்றோர் விடுப்புப் பாதுகாப்புகள் உண்டு. உதவித்தொகையில் அவை அப்படியே கிடைக்காது. அங்கே பல்கலைக்கழகங்களில் தற்காலிக ஒப்பந்தத்துக்குக் கால வரம்பு உண்டு, ஒரு குழந்தைக்கு அந்த வரம்பை இரண்டு ஆண்டு நீட்டலாம். ஐரோப்பிய ஆராய்ச்சிக் குழுவின் மானியத்துக்கு என்றாவது விண்ணப்பித்தால், பிஎச்.டி. முடித்து இத்தனை ஆண்டுக்குள் விண்ணப்பிக்க வேண்டும் என்ற வரம்பில் தாய்க்குக் குழந்தை ஒன்றுக்கு 18 மாதம் தளர்வு தருகிறார்கள்.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். 1995-ல் நோபல் வாங்கிய கிறிஸ்டியானே நுஸ்லைன்-ஃபோல்ஹார்ட் 2004-ல் ஓர் அறக்கட்டளை தொடங்கினார். குழந்தை உள்ள இளம் பெண் விஞ்ஞானிகளுக்கு அது பணம் தருகிறது, வீட்டு வேலைக்கும் குழந்தையைப் பார்த்துக்கொள்ளவும் ஆள் வைக்க. பாத்திரம் கழுவும் நேரத்தை விஞ்ஞானிக்குத் திருப்பிக் கொடுத்தால் ஆராய்ச்சி நடக்கும் என்று ஒருவர் யோசித்து, அதற்கென்றே பணமும் ஒதுக்கியிருக்கிறார். நம் நாட்டிலும் இப்படி ஒன்று வர வேண்டும் என்பது என் ஆசை.

கேள்வி: விடுப்பு முடிந்து திரும்பிவிட்டேன், குழந்தைக்கு ஏழு மாதம். பால் எடுக்க இடமில்லை. லேப் ஃப்ரிட்ஜில் வைக்கலாமா?

வைக்கவே வைக்காதீர்கள். ரசாயனமும் நுண்ணுயிரும் வைக்கும் இடத்தில் உணவுப் பொருள் எதுவும் கூடாது, தாய்ப்பாலும்தான். வீட்டிலிருந்து ஐஸ் பெட்டி கொண்டு வாருங்கள், இல்லையென்றால் அலுவலகப் பக்கம் சாப்பாடு வைக்கும் ஃப்ரிட்ஜைப் பயன்படுத்துங்கள். ஏசி அறை வெப்பத்தில் நான்கு மணி நேரம் தாங்கும், ஃப்ரிட்ஜில் நான்கு நாள். நம் ஊர் வெயிலில் வெளியே வைத்து நான்கு மணி நேரத்தை நம்ப வேண்டாம். எடுப்பதற்கு முன் லேப் கோட்டைக் கழற்றிவிட்டு, முழங்கை வரை கழுவுங்கள்.

நான் ரசாயனக் கிடங்கில், அசிட்டோன் வாசனைக்கு நடுவே, ஒரு முக்காலியில் உட்கார்ந்து எடுத்தேன். வேறு இடம் கேட்கத் தோன்றவில்லை. நீங்கள் கேளுங்கள். உள்பக்கம் தாழ்ப்பாள் உள்ள ஒரு அறை, ஒரு நாற்காலி, ஒரு பிளக் பாயின்ட், பக்கத்தில் தண்ணீர்க் குழாய். நிர்வாகத்துக்கு இந்த நான்கையும் எழுதிக் கொடுங்கள். உங்கள் நிறுவனத்தில் வேறு தாய்மார்கள் இருந்தால் அவர்களிடமும் கையெழுத்து வாங்குங்கள்.