நாயின் தோல் அலர்ஜிக்கு ஆயுள் முழுக்க மாத்திரை கொடுக்கலாமா?

கொடுக்கலாம். நானும் கொடுக்கிறேன். ஆனால் இந்த முடிவுக்கு வருவதற்குள் நான் பட்ட பாட்டையும் சொல்லிவிடுகிறேன்.

ஒரு வருஷமாகச் சொறிகிறது, டாக்டர் இனி ஆயுளுக்கும் மாத்திரை என்கிறார், பயமாக இருக்கிறது என்று கேட்டிருக்கிறீர்கள். உங்களுடையதும் லேப்ரடாராகத்தான் இருக்கும். ராத்திரி இரண்டு மணிக்கு அது பாதத்தை நக்குகிற சத்தம் கேட்டு நீங்களும் முழித்துக் கிடந்திருப்பீர்கள். நான் டாக்டர் இல்லை, கன்னியாகுமரி மாவட்டம் குலசேகரம் பக்கம் கொஞ்சம் ரப்பர் மரம் வைத்திருப்பவன். ஆகவே மருந்து அளவெல்லாம் என்னிடம் கேட்காதீர்கள்.

எங்கள் ஜூலிக்கு ஒன்றரை வயதில் ஆரம்பித்தது. வெளிர் மஞ்சள் நிற லேப்ரடார். நக்கி நக்கி நான்கு பாதத்திலும் முடி துருப்பிடித்த நிறத்துக்கு வந்துவிட்டது. காதுக்குள் கறுப்பு அழுக்கு, கிட்டே போனால் புளித்த மாவு வாசம். ரப்பர் ஷீட் அடிக்கிற இடத்தில், பாலை உறைய வைக்கிற ஆசிட்டை மிதித்திருக்கும் என்று நானே முடிவு கட்டி, அந்தப் பக்கம் விடாமல் கட்டிப் போட்டேன். பாவம், அது ஒன்றும் செய்யவில்லை. ஒருவர் வேப்பெண்ணெய் என்றார், இன்னொருவர் வண்டியிலிருந்து வடித்த கரி ஆயிலைத் தேய்க்கச் சொன்னார். அதை மட்டும் செய்துவிடாதீர்கள். நாய் நக்கும், அத்தனையும் வயிற்றுக்குள் போகும்.

அப்புறம்தான் என் தப்பு. டாக்டர் ஐந்து நாளைக்கு ப்ரெட்னிசலோன் என்ற ஸ்டீராய்டு மாத்திரை எழுதினார். மறுநாளே அரிப்பு அடங்கியது. விலையோ சில்லறைக் காசு. ஐந்து நாள் முடிந்த பிறகும் காலி அட்டையைக் கடையில் காட்டிக் காட்டி ஏழு மாதம் வாங்கிக் கொடுத்தேன். டாக்டரிடம் மூச்சு விடவில்லை. இரண்டு லிட்டர் பாத்திரத்தை ஒரே நாளில் இரண்டு தடவை காலி செய்யும். அடக்க முடியாமல் திண்ணையிலேயே மூத்திரம். வயிறு தொங்கி, முதுகில் முடி கொட்டி, மூன்று வயது நாய் கிழட்டு நாய் மாதிரி ஆகிவிட்டது. ஸ்டீராய்டே விஷம் என்று நான் சொல்லவில்லை. அரிப்பு முற்றிய நேரத்தில் சில நாள் கொடுத்தால் அது உயிர் காக்கிற மருந்து. என்னை மாதிரி மாதக்கணக்கில் ஓட்டக் கூடாது, பயந்துபோய் ஒரே நாளில் நிறுத்தவும் கூடாது. படிப்படியாகத்தான் குறைக்க வேண்டும்.

வேறொரு டாக்டரிடம் போனேன். போனேன் என்று சுலபமாக எழுதுகிறேன், எங்கள் ரோட்டில் கேரளாவுக்குக் கல்லும் எம் சாண்டும் ஏற்றிப் போகிற டாரஸ் லாரிகளுக்கு நடுவில் நாயோடு ஆட்டோவில் போய்ப் பாருங்கள். இருபது கிலோமீட்டருக்கு ஒன்றரை மணி நேரம்.   

அவர் முதலில் மருந்தே எழுதவில்லை. தோலைச் சுரண்டி சொறிப்பூச்சி இருக்கிறதா என்று மைக்ரோஸ்கோப்பில் பார்த்தார். காதிலும் விரல் இடுக்கிலும் ஈஸ்ட் என்ற பூஞ்சை பெருகியிருந்தது. புளித்த வாசம் அதனால்தான். கிருமியையும் பூஞ்சையையும் கொல்கிற குளோர்ஹெக்ஸிடின், மைக்கோனசோல் கலந்த ஷாம்பு, வாரம் இரண்டு தடவை, நுரையோடு பத்து நிமிஷம் நிற்க வேண்டும். கடிகாரம் பார்த்து நின்றேன். பத்து நிமிஷம் அவ்வளவு நீளம் என்று அன்றைக்குத்தான் தெரிந்தது. அம்மா திண்ணையிலிருந்து, "எனக்க முட்டுவலிக்கு ஆசுத்திரிக்குக் கூட்டிட்டுப் போவ ஒனக்கு நேரமில்ல, பட்டியக் குளிப்பாட்ட நேரமிருக்கு" என்றாள். எங்கள் பக்கம் பட்டி என்றால் நாய். பதில் சொல்ல முடியவில்லை.

தெள்ளுக்கும் உண்ணிக்கும் வருஷம் முழுக்க மருந்து. ஒன்றிரண்டு தெள்ளு கடித்தாலே அதன் எச்சில் அலர்ஜி நாயை வாரக்கணக்கில் சொறிய வைக்கும் என்றார். அடுத்தது உணவுச் சோதனை. அதுவரை தின்னாத ஒரு கறி, கூட ஒரு மாவுச்சத்து, எட்டு வாரம், வேறு எதுவும் வாயில் படக் கூடாது. கோழியும் மீனும் தின்று வளர்ந்த நாய் என்பதால் பன்றிக்கறியும், நன்றாக அவித்துத் தண்ணீர் வடித்த மரச்சீனிக் கிழங்கும் (மரவள்ளி) கொடுத்தேன். ஐந்தாவது வாரம் அம்மா ரகசியமாக ஒரு சாளை மீன் தலையைப் போட்டுவிட்டாள். மறுபடியும் முதலிலிருந்து எட்டு வாரம். அந்த எட்டு வாரத்தில் அரிப்பு குறையவும் இல்லை, முடிவில் பழைய சாப்பாட்டுக்குத் திரும்பியும் கூடவும் இல்லை. ஆக, சாப்பாடு காரணம் இல்லை. தூசிப்பூச்சி, பூஞ்சை, மகரந்தம் என்று சுற்றுப்புறத்தால் வருகிற அலர்ஜி. நம்ம மாவட்டத்துக்கு இரண்டு மழையும் உண்டு, வீடு எப்போது காய்கிறது?

இதெல்லாம் முடிந்த பிறகுதான் நீண்டகால மருந்துப் பேச்சு. அரிப்பை அடக்குகிற ஓக்லாசிட்டினிப் மாத்திரை, தினமும். இல்லையென்றால் மாதம் ஒரு முறை போடுகிற லோகிவெட்மாப் ஊசி. சைக்ளோஸ்போரின் என்று இன்னொரு மருந்து, அதற்குப் பலன் தெரியவே நாலு முதல் ஆறு வாரம், ஆரம்பத்தில் வாந்தி வரலாம். எதனால் அலர்ஜி என்று சோதித்து அதையே சிறிது சிறிதாக ஊசியில் ஏற்றிப் பழக்குகிற முறையும் இருக்கிறது. மூலத்தையே தொடுவது அது ஒன்றுதான், ஆனால் ஒரு வருஷம் வரை பொறுக்க வேண்டும், எல்லா நாய்க்கும் கேட்காது. எனக்கு அந்தப் பொறுமையும் இல்லை, பணமும் இல்லை. ஓக்லாசிட்டினிப் எடுத்தேன். ஒரு வயது ஆகாத நாய்க்கும், பெரிய தொற்றோ புற்றோ உள்ள நாய்க்கும் அது கூடாது. அவ்வப்போது ரத்தம் பார்க்க வேண்டும். மாதச் செலவு என் இரண்டு மாதக் கரண்ட் பில்லைத் தாண்டும். நாய்க்கு இவ்வளவா என்று கேட்க வருபவர்கள் வரலாம், நான் பீடி, சிகரெட் குடிப்பதில்லை.

ஆயுள் முழுக்க என்றால் ஒரே அளவில் என்று அர்த்தமில்லை. ஷாம்பு, மழையில் நடந்து வந்தால் பாதம் துடைத்து விரல் இடுக்கைக் காய வைப்பது, படுக்கையை வெந்நீரில் துவைப்பது எல்லாம் சேர்ந்து, வெயில் காலத்தில் டாக்டரே மாத்திரையைக் குறைத்திருக்கிறார். ஐப்பசி மழையில் திரும்பவும் கூடும். பாதம் இன்னும் முழுசாகப் பழைய நிறத்துக்கு வரவில்லை.

அம்மா இப்போதும் சாளைத் தலை போடுகிறாள். இப்போது எனக்கு முன்னாலேயே போடுகிறாள்.