முப்பது நாள் கணக்கு

டர்பனின் சாட்ஸ்வொர்த்திலிருந்து ஒரு அம்மா எனக்கு எழுதியிருக்கிறார். மகனுக்கு 21 வயது. தென்னாப்பிரிக்க தேசியப் பாதுகாப்புப் படையில் இளைஞர்களுக்கான இரண்டு வருட ஒப்பந்தத்தில் சேர்ந்து 17 மாதம் ஆகிறது. முகாமில் ஒரு தடவை குடித்து மாட்டிக்கொண்டான். 90 நாளைக்கு மது தொடக்கூடாது, லீவில் இருந்தாலும் கூடாது என்று கமாண்டிங் ஆபீசர் எழுத்தில் உத்தரவு போட்டுக் கையெழுத்தும் வாங்கிக்கொண்டார். அந்தக் கெடு முடிவதற்குள் டர்பனின் பீனிக்ஸில் அத்தை மகனின் 21வது பிறந்தநாள் விருந்து. அங்கே குடித்திருக்கிறான். திங்கள் காலை அணிவகுப்பில் வாடை வந்து, ஊதச் சொல்லி, கருவி காட்டிக்கொடுத்துவிட்டது. "உன்னை வீட்டுக்கு அனுப்பிவிடுவார்கள்" என்று சார்ஜென்ட் சொல்லியிருக்கிறார்.

மொத்தம் நான்கு பக்கம். பிளட்டூனில் இவன் ஒருவன்தான் இந்தியப் பையன். கார்போரலுக்கு முதல் நாளிலிருந்தே இவனைப் பிடிக்காது. மற்றவர்களும்தான் குடிக்கிறார்கள். புரட்டாசி முழுக்கக் கவிச்சி தொடாத பிள்ளை. இத்தனையும் எழுதிவிட்டு, கடைசிப் பக்கத்தின் அடியில் ஒரு வரி: "அடுத்த வார லீவுக்கு வந்தவன் வெட்கத்தில் திரும்பிப் போகவில்லை, இன்றோடு 19 நாள் ஆகிறது."

அம்மா, உங்கள் கடிதத்தில் சட்டத்துக்கு வேண்டியது அந்த ஒரு வரிதான். கடிதம் கிடைத்த அன்றே போன் செய்து, விடிந்ததும் தம்பியை முகாமுக்கு அனுப்புங்கள் என்று சொன்னேன். ஏன் அப்படி அவசரப்படுத்தினேன் என்று உங்களுக்குக் கோபம் இருக்கலாம். இதே நிலையில் இருக்கும் மற்ற வீடுகளுக்கும் சேர்த்து விளக்குகிறேன்.

2002ஆம் ஆண்டின் பாதுகாப்புச் சட்டம், 59ஆம் பிரிவு, 3ஆம் உட்பிரிவு. நிரந்தரப் படையில் இருப்பவர் (உங்கள் மகனைப் போன்ற இரண்டு வருட ஒப்பந்தக்காரரும் இதில் சேர்த்திதான்) கமாண்டிங் ஆபீசரின் அனுமதி இல்லாமல் 30 நாளுக்கு மேல் பணிக்கு வராவிட்டால், ஒழுங்கீனத்துக்காக அவர் நீக்கப்பட்டதாகவே கருத வேண்டும் என்கிறது. விசாரணை கிடையாது. அவர் பக்கம் என்ன என்று யாரும் கேட்க மாட்டார்கள். நீக்கம் 31வது நாளிலிருந்தும் அல்ல. லீவு முடிந்த மறுநாளிலிருந்தே கணக்காகும். யாரும் முடிவெடுத்து நீக்குவதில்லை, சட்டமே நீக்கிவிடுகிறது. அதனால் "என்னைக் கேட்காமல் முடிவெடுத்தார்கள்" என்று உயர் நீதிமன்றத்தில் போய் நிற்கவும் வழி குறுகிவிடும். ஆசிரியர்களுக்கு உள்ள இதே மாதிரி விதியைப் பற்றிய வழக்கில், அது நிர்வாக முடிவே அல்ல என்று உச்ச மேல்முறையீட்டு நீதிமன்றம் சொல்லிவிட்டது.

மிஞ்சுவது ஒரே கதவு. தகுந்த காரணம் காட்டினால் படைத் தலைவர் திரும்பச் சேர்த்துக்கொள்ளலாம். வெட்கம் தகுந்த காரணம் ஆகாது.

சில வருடங்களுக்கு முன் ஒரு குடும்பம் என் அலுவலகத்துக்கு வந்தது. பையன் முகாமை விட்டு வந்து 41 நாள். இஸ்திரி போட்ட சீருடை காரின் பின் சீட்டில் ஹேங்கரில் தொங்கியது. மறுநாளே போய்விடலாம் என்ற நினைப்பு. அப்பா ஒரு பிளாஸ்டிக் உறையை மேஜைமேல் வைத்தார். உள்ளே தனியார் டாக்டர் கொடுத்த மூன்று வார மன அழுத்தச் சான்றிதழ். யூனிட்டுக்கு அனுப்பினீர்களா என்றேன். பத்திரமாக வைத்திருக்கிறோம் என்றார். சம்பளமும் வங்கியில் விழுந்துகொண்டிருந்தது, அதனால் வேலை இருக்கிறது என்றே நம்பியிருந்தார்கள். அந்தச் சம்பளத்தை அப்புறம் கடனாகத் திருப்பிக் கேட்டார்கள். திரும்பச் சேர்க்கச் சொல்லி விண்ணப்பித்தோம், கிடைக்கவில்லை. அந்தப் பையன்மேல் இருந்த முதல் குற்றச்சாட்டு என்ன தெரியுமா? காவல் பணிக்கு இரண்டு மணி நேரம் தாமதமாகப் போனது. அபராதத்தோடு முடிந்திருக்கும்.

டிராயரில் இருக்கும் சான்றிதழ் லீவு ஆகாது அம்மா. கமாண்டிங் ஆபீசர் கொடுப்பதுதான் லீவு.

சரி, தம்பி திரும்பிப் போய்விட்டான் என்று வைத்துக்கொள்வோம். லீவில் வீட்டில் குடித்ததற்கு முகாமுக்கு என்ன என்று கேட்டிருக்கிறீர்கள். லீவு நாளையும் கட்டுப்படுத்தும் உத்தரவு சட்டப்படி செல்லுமா என்பது வாதாடக்கூடிய கேள்விதான். ஆனால் அதைக் கிளப்ப வேண்டாம் என்பதே என் யோசனை. அவன்மேல் வரப்போவது குடித்த குற்றம் மட்டுமல்ல. இராணுவ ஒழுங்குக் கோவையின் 19ஆம் பிரிவில் உத்தரவை மீறிய குற்றமும் வரும். கையெழுத்துப் போட்ட தாள் இருக்கிறது, திங்கள் காலை எடுத்த அளவும் இருக்கிறது. அதைவிட முக்கியமானது, வழக்கு எந்த அறையில் நடக்கிறது என்பது. கமாண்டிங் ஆபீசர் நடத்தும் ஒழுங்கு விசாரணையில் பணிநீக்கம் செய்ய அதிகாரம் இல்லை. இராணுவ நீதிபதிக்கு அந்த அதிகாரம் உண்டு. குற்றமே செய்யவில்லை என்று மல்லுக்கட்டினால், பணிநீக்கம் செய்ய முடிகிற அறைக்கு அவனே நடந்து போகிறான். சின்ன விசாரணைக்கு வாய்ப்புக் கொடுத்தால், ஒப்புக்கொண்டு, தண்டனையை வாங்கிக்கொண்டு வெளியே வரட்டும். இராணுவ நீதிமன்றத்துக்கே போனால், அவன் தரப்பில் வாதாட அரசுச் செலவில் இராணுவ வழக்கறிஞர் கிடைப்பார். அவரைப் பார்க்காமல் ஒரு வார்த்தையும் எழுதிக் கொடுக்கக்கூடாது.

வாட்ஸ்அப்பிலும் கூடாது. கார்போரலுக்கு நீளமான மன்னிப்பு அனுப்பி, அதுவே சாட்சியாக முன்னால் வந்ததைப் பார்த்திருக்கிறேன். நீங்களும் முகாமுக்குப் போன் செய்து அழாதீர்கள் அம்மா. நீங்கள் சொன்னதையும் குறித்துக்கொள்வார்கள்.

கார்போரல் விஷயம் உண்மையாகவே இருக்கலாம். நான் நம்புகிறேன். அதற்குத் தனியே புகார் எழுதலாம், படைக்குள் புகார் செய்யும் முறை பலன் தராவிட்டால், படையினரின் புகார்களை விசாரிக்கும் இராணுவ ஓம்பட்ஸ்மன் இருக்கிறார். ஆனால் குடித்த வழக்குக்குள் அதைக் கொண்டுவந்தால் இரண்டும் கெடும். வேலைத் தகராறுகளைத் தீர்க்கும் சமரச ஆணையமான சிசிஎம்ஏ-வுக்குப் போகலாமா என்று கேட்டிருக்கிறீர்கள். படையினருக்குத் தொழிலாளர் உறவுச் சட்டம் பொருந்தாது, அங்கே உங்களைத் திருப்பி அனுப்பிவிடுவார்கள்.

இன்னொன்றையும் மறைக்காமல் சொல்ல வேண்டும். ஒப்பந்தத்தில் ஏழு மாதம்தான் பாக்கி. வழக்கில் ஜெயித்தாலும், அதற்கு மேல் எடுத்துக்கொள்ளும் கடமை படைக்கு இல்லை. அந்த முடிவு எடுக்கும்போது அவர்கள் பார்க்கப்போவது இந்த ஏழு மாதத்தைத்தான். குறுகிய காலத்தில் இரண்டு தடவை குடியால் மாட்டியிருக்கிறான். அவன் குடிகாரன் இல்லை என்று எழுதியிருக்கிறீர்கள், அதில் நான் தலையிடவில்லை. ஆனால் யாரும் சொல்லும் முன் அவனே யூனிட்டின் சமூகப் பணியாளரிடம் போய் உதவி கேட்கட்டும், விசாரணைத் தேதிக்கு முன்பே போகட்டும். போன தேதி தாளில் இருந்தால் தண்டனை சொல்லும்போது அதைக் காட்டலாம். அவன் உடம்புக்கும் அதுதான் நல்லது.

ஒருவேளை ராஜினாமாக் கடிதத்தை நீட்டி, கையெழுத்துப் போட்டால் எல்லாம் முடிந்துவிடும் என்பார்கள். சிலருக்கு அதுவே நல்ல முடிவு. பதிவேட்டில் ஒழுங்கீனம் என்று விழாமல் வெளியே வரலாம். அன்றே போட வேண்டாம், ஒரு நகல் வாங்கி எனக்கு அனுப்பச் சொல்லுங்கள்.

முகாம் மூன்று மணி நேரத் தூரம். போனதும் அவனைக் காவலில் வைக்கலாம், லீவு தாண்டியதற்கு இன்னொரு குற்றச்சாட்டும் வரும். பயப்பட வேண்டாம், அதற்கெல்லாம் விசாரணை உண்டு. கேட்டில் உள்ள பதிவுப் புத்தகத்தில் பெயரும் வந்து சேர்ந்த நேரமும் தன் கண் முன்னால் எழுதப்படுகிறதா என்று பார்த்துவிட்டு உள்ளே போகச் சொல்லுங்கள்.