184 கலோரி ரேஷன்

கேள்வி: யூதர்களை அடைத்து வைத்த கெட்டோக்களில் நாஜிகள் ரேஷன் அட்டை கொடுத்ததாகப் படித்தேன். போர்க்காலத்தில் எல்லா ஊரிலும் ரேஷன் இருந்ததுதானே? கொல்ல நினைப்பவன் எதற்கு அட்டை கொடுக்கப் போகிறான்?
(ஒரு வாசகர், கும்பகோணம்)

பதில்: அட்டை கொடுத்தார்கள், சரி. அந்த அட்டைக்கு என்ன கிடைத்தது என்று பார்க்க வேண்டாமா? 1941-இல், ஜெர்மனி பிடித்து வைத்திருந்த போலந்தின் தலைநகர் வார்சாவில், ஒரு ஜெர்மானியருக்கு ஒரு நாளைக்கு 2,600 கலோரி. போலந்துக்காரருக்கு 700-க்கும் குறைவு. யூதருக்கு 184. நம் கணக்கில் மூன்று, நான்கு இட்லி. ஊர் ஒன்று, போர் ஒன்று. தட்டுப்பாடு இப்படி இனம் பார்த்தா வரும்?

1940 நவம்பரில் சுவர் வைத்து மூடிய வார்சா கெட்டோவுக்குள் 4 லட்சத்துக்கும் அதிகமானவர்கள். அட்டையை மட்டும் நம்பியிருந்தால் சில மாதங்களில் கதை முடிந்திருக்கும். கடத்தல்தான் காப்பாற்றியது. உள்ளே வந்த உணவில் 80 சதவீதம் கள்ளத்தனமாக வந்ததுதான் என்று கெட்டோவை நிர்வகிக்க நாஜிகள் வைத்த யூத சபையின் தலைவர் ஆடம் செர்னியாகோவே மதிப்பிட்டார். கடத்தியவர்களில் பலர் குழந்தைகள். சுவரடியில் இருந்த ஓட்டைக்குள் நுழைந்து போய், சட்டைக்குள் உருளைக்கிழங்கும் ரொட்டியும் திணித்துக்கொண்டு திரும்புவார்கள். பல வீடுகளில் அந்தப் பிள்ளை கொண்டுவருவதுதான் சாப்பாடு. 1941 அக்டோபரில், அனுமதியில்லாமல் வெளியே போனால் மரண தண்டனை என்று ஆணை வந்தது. பிள்ளைகள் போவதை நிறுத்தவில்லை.

கடத்தி வந்த உணவும் காசுள்ளவனுக்குத்தான் கிடைத்தது, அதையும் சொல்லிவிட வேண்டும். சபை ஊழியர் 1,600 கலோரி சாப்பிட்டபோது, வெளியூர்களிலிருந்து துரத்தப்பட்டு வந்தவர்களுக்கு 800 தேறியது. கெட்டோவுக்குள்ளேயே இருந்த வரலாற்றாசிரியர் எம்மானுவேல் ரிங்கல்ப்ளூம் குழுவினர் இதையெல்லாம் ரகசியமாக எழுதி, தகரப் பெட்டிகளிலும் பால் கேன்களிலும் போட்டுப் புதைத்து வைத்ததால் நமக்குத் தெரிகிறது. 1942 நடுப்பகுதிக்குள் பசியிலும் நோயிலும் இறந்தவர்கள் சுமார் 83,000 பேர்.

ரேஷனை விட்டால் வேறு வழியே இல்லையென்றால் என்ன ஆகும் என்பதற்குப் போலந்தின் இன்னொரு நகரமான லோட்ஸ் இருக்கிறது. அந்த கெட்டோவுக்கென்று தனி நோட்டு அச்சடித்தார்கள்; வெளியே அது வெறும் காகிதம். கடத்தலுக்கு இடமே இல்லை. ஒரு ரொட்டியை ஒரு வாரம் வைத்துத் தின்ன வேண்டும். அப்பாவே வீட்டாரின் பங்கை எடுத்துத் தின்றதை டாவிட் சியராகோவியாக் என்ற பையன் நாட்குறிப்பில் எழுதி வைத்தான். 1943-இல், 19 வயதில், அவனும் இறந்தான். அந்த அப்பாவைத் திட்ட எனக்கு மனம் வரவில்லை.

கொல்ல நினைப்பவன் எதற்குக் கொடுப்பான் என்றீர்களே, அதற்கு வருகிறேன். 1942 ஜூலையில் வார்சாவிலிருந்து யூதர்களை ஏற்றிச் செல்ல ரயில்கள் ஓடத் தொடங்கின. தாமாக வந்து ஏறுபவர்களுக்கு 3 கிலோ ரொட்டி, 1 கிலோ ஜாம் என்று அறிவித்தார்கள். மாதக்கணக்கில் அவ்வளவு ரொட்டியைச் சேர்ந்தாற்போல் கண்ணால் பார்க்காதவர்கள், ஆயிரக்கணக்கில், பிள்ளைகளைக் கூட்டிக்கொண்டு வந்து நின்றார்கள். ரொட்டியைக் கொடுக்கவும் செய்தார்கள். ரயில் ட்ரெப்ளிங்காவின் விஷவாயுக் கூடங்களுக்குப் போனது.