இடம்-நேரத் தரவுத்தளம் படித்தால் வேலை கிடைக்குமா?

கணினி அறிவியல் இரண்டாம் ஆண்டு படிக்கும் உங்கள் மகள் இடமும் நேரமும் சேர்ந்த தரவுத்தளங்களில் ஆர்வமாக இருக்கிறார், இவ்வளவு குறுகிய துறையை நம்பலாமா என்று கேட்டிருக்கிறீர்கள். தாராளமாக நம்பலாம். இந்தப் பெயரில் வேலை விளம்பரம் வருவது அபூர்வம்தான். டேட்டா இன்ஜினியர், ஜிஐஎஸ் (புவியியல் தகவல் முறைமை) டெவலப்பர் என்ற பெயர்களில் தேடச் சொல்லுங்கள்.

கப்பல், விமானம், புயல், வலசை போகும் பறவை என எதுவானாலும் எங்கே, எப்போது என்ற இரண்டும் சேர்ந்தே வருகின்றன. இரண்டு கப்பல்கள் எந்த நேரத்தில் ஒரு கிலோமீட்டருக்குள் நெருங்கின என்று கேட்டால் சாதாரண அட்டவணை திணறிவிடும். கப்பலில் உள்ள கருவி விட்டுவிட்டுத்தான் இடத்தைப் பதிகிறது. இடைப்பட்ட நேரத்தில் கப்பல் எங்கே இருந்தது என்பதைக் கணக்கிட்டாக வேண்டும். நேரத்திலும் சிக்கல் உண்டு. ஒரு மனை மார்ச்சில் கைமாறி, மே மாதம் பதிவேட்டில் ஏறினால், இரண்டு தேதிகளையும் தனித்தனியாக வைத்திருக்க வேண்டும். தரவுத்தளத்திடம் கேள்வி கேட்கும் மொழியான எஸ்க்யூஎல்லின் 2011ஆம் ஆண்டுத் தரநிலையே இதற்கு வழி செய்திருக்கிறது.

ஆனால் நேரே இதில் குதிக்க வேண்டாம். முதலில் எஸ்க்யூஎல்லும், தேடலை வேகப்படுத்தும் இண்டெக்ஸும் கைவர வேண்டும். 1984இல் அன்டோனின் கட்மன் முன்வைத்த, இடத் தரவுக்கான இண்டெக்ஸான ஆர்-ட்ரீயை உங்கள் மகளே ஒருமுறை எழுதிப் பார்த்தால் நல்லது. அப்புறம் போஸ்ட்கிரஸ் என்ற தரவுத்தள மென்பொருள், அதன்மேல் இடத் தரவுக்கான போஸ்ட்ஜிஐஎஸ், கடைசியாக நகரும் பொருள்களின் தரவுக்காக பிரஸ்ஸல்ஸ் பல்கலைக்கழகத்தில் உருவான மொபிலிட்டிடிபி. எல்லாமே இலவசம். பெரிய தொகை கேட்கும் சான்றிதழ் வகுப்பில் இப்போதைக்குச் சேர்க்காதீர்கள்.

சான்றிதழைவிட ஒரு நல்ல புராஜெக்ட்தான் பேசும். டென்மார்க்கின் கடல்சார் ஆணையம் கப்பல் நகர்வுத் தரவை இலவசமாகத் தருகிறது. ஒரு நாள் தரவை ஏற்றி, நான் மேலே சொன்ன கப்பல் கேள்விக்கு விடை காணச் சொல்லுங்கள். அட்சரேகை, தீர்க்கரேகையை போஸ்ட்ஜிஐஎஸ்ஸில் தட்டையான தளத்துக்கான ஜியாமெட்ரி என்ற தரவு வகையில் அப்படியே போட்டுத் தூரம் கேட்டால் விடை டிகிரியில் வரும், மீட்டரில் வராது. அதில் முட்டி மோதித் தீர்த்தவர் நேர்முகத் தேர்வில் தெளிவாகப் பேசுவார்.

இதற்கு ஒரு செமஸ்டர் அவகாசம் கொடுங்கள். வரைபடம் பிடிக்கிறது, ஆனால் வினவல் எழுதச் சலிப்பாக இருக்கிறது என்று சொன்னால், செயற்கைக்கோள் படங்களை ஆராயும் தொலையுணர்வுத் துறை அவருக்குப் பொருத்தமாக இருக்கலாம். அப்போது மறுபடி எழுதுங்கள், அதற்கான வழியைப் பார்ப்போம்.