எலெக்ட்ரிக் வண்டி முகாம்: வாசகர் கேள்வி, நிபுணர் பதில்

கேள்வி: எங்கள் தெரு நலச் சங்கம் எலெக்ட்ரிக் வண்டி பற்றி மக்களுக்கு எடுத்துச் சொல்ல ஒரு முகாம் போட இருக்கிறது. பந்தல், சேர் செலவை ஒரு ஷோரூம் ஏற்றுக்கொள்வதாகச் சொல்கிறது. வாங்கிக்கொள்ளலாமா?
– வாசகர், தண்டையார்பேட்டை

பதில்: வேண்டாம். ஷோரூம் பேனர் தொங்கினால் வருகிறவர்கள் விற்பனை மேளா என்றுதான் நினைப்பார்கள். பேட்டரி மாற்ற எவ்வளவு ஆகும் என்று கேட்டால் நேரான பதிலும் கிடைக்காது. அமெரிக்காவில் 1967-ல் தொடங்கிய எலெக்ட்ரிக் ஆட்டோ அசோசியேஷன் போன்ற லாப நோக்கற்ற அமைப்புகளின் பலமே, வண்டி வைத்திருப்பவர் தன் வண்டியோடு வந்து நின்று பேசுவதுதான்.

ஆறேழு பேர் போதும். மூன்று வருடமாவது ஓடிய ஸ்கூட்டர் ஒன்று, கழற்றும் பேட்டரி வண்டி ஒன்று, எலெக்ட்ரிக் ஆட்டோ ஒன்று கட்டாயம் இருக்கட்டும். ஒவ்வொன்றின் முன்னாலும் ஓர் அட்டை வையுங்கள்: ஓடிய கிலோமீட்டர், இரண்டு பேர் போனால் ஒரு சார்ஜுக்குக் கிடைக்கும் தூரம், மாற்றிய பாகங்கள், அதற்கு ஆன செலவு. கம்பெனி விளம்பரத்தில் உள்ள தூரத்தை எழுத வேண்டாம்.

ஓட்டிப் பார்க்க விடுவதுதான் முகாமுக்கு உயிர். கன்டெய்னர் லாரி ஓடும் எண்ணூர் நெடுஞ்சாலை இதற்கு ஆகாது; பள்ளி மைதானம் கேட்டு வாங்குங்கள். சத்தம் வராததால் வண்டி ஆஃபில் இருப்பதாக நினைத்து ஆக்ஸிலேட்டரைத் திருகிவிடுவார்கள், புதியவர்கள் விழுவது அப்போதுதான். வேகம் குறைவாக ஓடும் ஈகோ மோடில் வைத்து, லைசென்ஸ், ஹெல்மெட், வண்டியின் இன்ஷூரன்ஸ் மூன்றையும் பார்த்த பிறகு சாவியைக் கொடுங்கள்.

கேள்வி: நிலக்கரியை எரித்து மின்சாரம் எடுக்கிறார்கள். புகையும் சாம்பலும் எங்கள் பக்கம்தானே வருகிறது? இதை எப்படிச் சுத்தமான வண்டி என்பது?
– வாசகி, எர்ணாவூர்

பதில்: இதற்கு மழுப்பாமல் பதில் சொல்ல முடியாத சங்கம் வடசென்னையில் முகாம் போடவே கூடாது. லிட்டருக்கு 45 கி.மீ. தரும் பெட்ரோல் ஸ்கூட்டர், கிலோமீட்டருக்குச் சுமார் 50 கிராம் கார்பன் டை ஆக்சைடு விடுகிறது. எலெக்ட்ரிக் ஸ்கூட்டர், சார்ஜரில் வீணாவதையும் சேர்த்து, யூனிட்டுக்கு 25 கி.மீ. ஓடுகிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். அத்தனையும் நிலக்கரி மின்சாரம் என்றாலும் சுமார் 40 கிராம்தான். காற்றாலையும் சூரிய மின்சாரமும் கலக்கக் கலக்க இன்னும் குறையும்.

சாம்பல் கணக்கு வேறு. தினமும் 30 கி.மீ. ஓட்டினால் இரண்டு மாதத்துக்கு 72 யூனிட் ஆகும். அதற்கு ஏறத்தாழ 50 கிலோ நிலக்கரி எரிய வேண்டும். நம் நாட்டு நிலக்கரியில் மூன்றில் ஒரு பங்கு சாம்பல். வடசென்னை அனல்மின் நிலையத்து மின்சாரம் என்றால் அந்தச் சாம்பல் செப்பாக்கம் சாம்பல் குளத்துக்குத்தான் போகும். ஆகவே வண்டியை மாற்றச் சொல்லும் சங்கம், அந்தக் குளத்தைப் பற்றியும் அதே மேடையில் பேச வேண்டும்.

பில்லையும் மறைக்காதீர்கள். இரண்டு மாதத்துக்கு 450 யூனிட் ஓடும் வீட்டில் இந்த 72 சேர்ந்தால் 500-ஐத் தாண்டிவிடும். தாண்டினால் 101 முதல் 200 வரையிலான யூனிட்டுகளுக்கு உள்ள குறைந்த கட்டணம் போய்விடும்.

கேள்வி: மூன்றாவது மாடியிலிருந்து எக்ஸ்டென்ஷன் வயர் இறக்கி சார்ஜ் போடலாமா?
– வாசகர், வியாசர்பாடி

பதில்: கூடாது. 750 வாட் சார்ஜர் மூன்றரை ஆம்ப்தான் இழுக்கும், ஆனால் நாலைந்து மணி நேரம் விடாமல் இழுக்கும். பாக்ஸுக்குள் தளர்ந்த பித்தளைப் பிடிப்பில் சூடேறி, பிளாஸ்டிக் பழுத்து, கடைசியில் உருகும். காசிமேடு, ராயபுரம் பக்கத்து உப்புக் காற்றில் பிளக் பின்னில் பச்சைக் களிம்பு பிடித்துவிட்டால் இது இன்னும் சீக்கிரம் நடக்கும். சார்ஜ் போட்டு அரை மணி கழித்து, சுவிட்சை அணைத்துவிட்டு பிளக்கைத் தொட்டுப் பாருங்கள். சுட்டால் பாயின்டை மாற்றுங்கள்.

கீழே உங்கள் மீட்டரிலிருந்து 2.5 ஸ்கொயர் எம்.எம். செம்பு வயர், தனி 16 ஆம்ப் எம்.சி.பி. (மின்சாரம் அளவுக்கு மீறினால் தானே அணையும் சுவிட்ச்), 30 மில்லி ஆம்ப் ஆர்.சி.சி.பி. (மின்கசிவு வந்தால் இணைப்பைத் துண்டிக்கும் சுவிட்ச்), எர்த்தோடு 16 ஆம்ப் பாயின்ட் என்று லைசென்ஸ் பெற்ற எலெக்ட்ரீஷியனை வைத்துப் போடுங்கள். அதற்கு வழியில்லாத வீட்டுக்குக் கழற்றும் பேட்டரி வண்டிதான் சரி. மழையில் தெருவில் தண்ணீர் தேங்கினால் தண்ணீர் புகாது என்பதற்கான ஐ.பி.67 என்ற முத்திரையை மட்டும் நம்பாதீர்கள். அது ஒரு மீட்டர் ஆழத்தில் 30 நிமிடம் வைத்துச் செய்யும் சோதனை. ராத்திரி முழுக்கத் தண்ணீரில் நின்ற வண்டியை சார்ஜ் போடாமல், ஆன் செய்யாமல், சர்வீஸுக்குத் தள்ளிக்கொண்டு போங்கள்.